ஷர்மிளாவின் சிவந்த காலுக்கு முன்னால் நின்றவர்

தலைமை தாங்கும் ராஜகோபாலன் சார் அவர்களே, மேடையில் இருக்கும் மருத்துவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, குரோம்பேட்டை வியாபாரிகளே, வணக்கம்.

நான் செருப்புக்கடைக்காரன். அழகாகப் பேச வராது. நம் குழந்தை மருத்துவர் ஜெயஸ்ரீ அம்மையார் மாரடைப்பில் போய்விட்டார். சாந்தமானவர் என்று எல்லாரும் பேசினீர்கள். சாந்தமா? என் கடை வாசலில் அவர் ரத்தத்தைக் கழுவியவன் நான்!

போன வருஷம், ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கோவளத்தில் மீன் விற்கும் அங்காளம்மா, மகள் ஷர்மிளாவுக்குச் செருப்பு வாங்க வந்தாள். பிள்ளையின் வலது கால் முழுக்கச் செக்கச் சிவந்த மச்சம். பிறவியிலேயே ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன. அந்தக் கால் மற்றதைவிட நீளமாகவும் பருமனாகவும் வளர்கிறது. பாவாடை விலகியதும் ஒருத்தன் கத்தினான்:

"புள்ள காலுல கொதிக்கிற எண்ணெய ஊத்திகீறாடா! இன்னாம்மே, புள்ள புடிக்கிறவளா நீ?"

"அய்யோ அண்ணா, பொறந்தப்பவே கீதுண்ணா!"

யார் கேட்டார்கள்? முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார்கள். வயிற்றில் மிதித்தார்கள். தடுக்கப் போன என் சட்டையைக் கிழித்தார்கள். பக்கத்து மருந்துக்கடையிலிருந்து ஓடிவந்தது யார்? ஜெயஸ்ரீ அம்மையார்! அங்காளம்மா மேல் அப்படியே விழுந்து மூடிக்கொண்டார். ஒருத்தன் ஹெல்மெட்டால் ஓங்கி அடித்தான். அம்மையாரின் புருவம் பிளந்தது.

ரத்தம் கண்ணில் இறங்க இறங்க எழுந்தார். அடித்தவன் சட்டையைப் பிடித்து ஷர்மிளாவிடம் இழுத்து வந்தார். தன் கட்டைவிரலைப் பிள்ளையின் காலில் அழுத்தி எடுத்தார்.

"பாருடா. வெளுக்குதா? திரும்பச் சிவக்குதா? தீக்காயத் தழும்பு இப்படிப் பண்ணுமா? மண்டைய ஒடைக்கத் தெரியுது, கிட்ட வந்து பாக்கத் தெரியலையா?"

கூட்டம் கலைந்தது. கலைந்தவர்களில் சிலர் இதோ, மூன்றாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறீர்கள். முகம் எனக்குத் தெரியாதா? செருப்பு விற்கிறவன் ஐயா நான், உங்கள் காலே தெரியும்!

அன்றிலிருந்து அங்காளம்மா பிள்ளையை வெளியே கொண்டுவரப் பயந்தாள். அம்மையார்தான் தன் காரில் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தார். எலும்பு டாக்டர் உமேஷிடம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். நீண்ட காலின் வளர்ச்சியை நிறுத்தும் ஆபரேஷன். பிள்ளை வளரும்போதே செய்ய வேண்டும். வளர்ந்து முடித்தால் அந்த வழி அடைபட்டுவிடும். குறித்த நாள் வருகிற திங்கள். கூட்டிப்போக இருந்தவர் இதோ மாலைக்குள் படமாக இருக்கிறார்.

"அவங்களே இல்ல. நான் போவல அண்ணா, மறுபடி அடிப்பாங்க" என்று நேற்று அழுதாள் அங்காளம்மா.

விடலாமா? விடமாட்டேன்! திங்கள் காலை, அம்மையாரின் ரத்தம் விழுந்த அதே வாசலிலிருந்து ஷர்மிளாவைக் கூட்டிப்போவேன். பிள்ளையின் காலை மறைக்கச் சொல்ல மாட்டேன். எவன் கை நீட்டுகிறான், பார்க்கிறேன்! அம்மையாருக்கு நான் போடும் மாலை அதுதான்.

மூன்றாவது வரிசைக்காரர்களே, இரண்டு பக்கமும் நீங்கள்தான் நடந்து வரவேண்டும். தம்பி, உன்னைத்தான். மடியில் வைத்திருக்கிறாயே அந்த ஹெல்மெட், அதை மட்டும் என் கடையில் வைத்துவிட்டு வா.