ஊசியைத் தடுத்தவன்

இரவு இரண்டு மணிக்கு மேல்... ஊருக்கு வெளியே, கட்டி முடித்தும் ஆள் குடிவராத வீடுகள் நிற்கிற ஒரு சாலை. ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. ஆம்புலன்ஸ் அங்கே போய் நின்றது. அதில் நர்ஸாக வந்தவள் என் சிநேகிதியின் அண்ணி. புளுகத் தெரியாதவள்.

ஒரு பையன் கதவைத் திறந்தான். இருபது வயதிருக்கும். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. மாடியைக் காட்டினான்.

மேலே அவன் கூட்டாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் கிடந்தான். அறை முழுக்க சென்ட்டும் வாந்தியும் கலந்த நாற்றம். பிரஷர் இருநூற்றைத் தாண்டியிருந்தது. நாடி தறிகெட்டு ஓடியது. என்ன எடுத்தாய் என்று எத்தனை தடவை கேட்டும் ஒன்றுமில்லை என்றே சாதித்தான். வீட்டுக்குத் தெரிந்துவிடுமாம்... உயிர் போகிற நேரத்தில் மானம் பார்க்கிறான்.

சரி என்று அண்ணி, துடிப்பைத் தணிக்கிற வழக்கமான ஊசியை எடுத்தாள்.

“அதப் போடாதீங்கக்கா. கோகெய்ன் எடுத்திருக்கான்.”

அறை வாசலில் அந்தப் பையன்.

கோகெய்ன் இதயத்தை விரட்டும். அதற்கு ரத்தம் போகிற குழாயையும் இறுக்கும். அந்த ஊசி இன்னும் இறுக்கிவிடலாம். அண்ணி ஊசியை வைத்துவிட்டு வேறு மருந்து கொடுத்தாள். நீயும் கூட வா என்று அந்தப் பையனைக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை.

பிழைத்தவன் விடிந்ததும் ஆஸ்பத்திரியில் அழுதான். ஆம்புலன்ஸுக்கு அவன் போன் பண்ணவே இல்லையாம்.

“என் கூட்டாளி சாயங்காலமே நெஞ்சு வலிக்குதுன்னான். படுத்தா சரியாயிடும்னு சொன்னேன். கீழ பாத்ரூமுக்குப் போனான்... வரவே இல்ல.”

உள்ளே தாழ் போட்டிருந்தது. போலீஸ்காரர்கள் கதவை உடைத்தார்கள். ராத்திரி அண்ணிக்கு வாசல் கதவைத் திறந்துவிட்ட அதே பையன். முந்தின நாள் சாயங்காலமே செத்திருக்கிறான். அந்த ஈரத் தரையில் ஒண்டியாய்க் கிடந்திருக்கிறான், பாவம்.

அண்ணி போலீஸிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கிளம்பும்போது, இவனும் இப்படி வேர்த்து நிற்கிறானே என்று இவன் கையிலும் பிரஷர் பட்டையைக் கட்டிப் பார்த்தாளாம். கருவி உர்ர்ரென்று உறுமி அடங்கியது. எண் வரவில்லை. பட்டைதான் தளர்ந்திருக்கிறது என்று இறுக்கிக் கட்டினாள். அப்போதும் வரவில்லை. மறுபடியும் கட்டப் போனாள்...

அவனே பட்டையை மெல்லப் பிரித்து அவள் கையில் கொடுத்தான்.

“அவனத் தனியா விட்டுடாதீங்கக்கா. எனக்கு எப்பவோ நின்னுடுச்சு.”