மயிரிழையில்

போனையெல்லாம் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் வேண்டாம். இது என் கூட்டாளி நம்பிராஜனின் அக்கா மாப்பிள்ளைக்கு நடந்தது. போன சாரல் சீசனில்... குற்றாலத்துக்குப் பக்கத்திலேயேதான்.

மாலை ஆறே முக்கால். இலத்தூரிலிருந்து அச்சன்புதூர் போகும் சாலை. எதிரே ஒரு வண்டி கிடையாது. காரை ஓட்டிவருகிறார் முத்துக்குமாரசாமி. தென்காசியில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடத்துகிறவர். கண்ணாடியில் வைப்பர்... கிறீச்... கிறீச்...

தொப்.

அப்புறம் ஒரு வாளி உருண்டு ஓடும் சத்தம்.

வாய்க்காலில் குளித்துவிட்டு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வந்த பெண். சீயக்காய் வாசம் காருக்குள் வந்தது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். கிடந்தபடியே ஒரு கையைத் தூக்கினாள். உயிர் இருந்தது... பாவி மனிதர், நிறுத்தவில்லை. விடியும்வரை அங்கேயே கிடந்து செத்தாள். யார் கார் என்று போலீசுக்குத் தெரியவேயில்லை.

மறுவாரம் வகுப்பில் ‘க்ளோஸ் ஷேவ்’ நடத்தினார். அதற்கு அர்த்தத்தைத் தமிழில் போர்டில் எழுதினார்: மயிரிழையில் தப்புவது. ஸ்வாதி என்கிற மாணவி உதாரணம் கேட்டாள். ஆளுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொன்னார்.

“போன வாரம் கார்ல வாரேன். ஒரு பொம்பள குறுக்க வந்தா. சடார்னு வண்டிய ஒடிச்சிட்டேன். ஐ ஹேட் எ க்ளோஸ் ஷேவ்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் குரல்.

“தப்புனது யாரு சார்?”

எல்லோரும் திரும்பினார்கள். கடைசி பெஞ்சில் யாருமில்லை. பெஞ்சுப் பலகை மட்டும் நனைந்திருந்தது. சீயக்காய் வாசம்...

அன்று மாலையே அவர் கார் அதே சாலையில், அதே இடத்தில் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிறீச்... கிறீச்... காரில் ஒரு கீறல் கிடையாது. மனிதர் சீட்டில் உட்கார்ந்தபடி செத்துப்போயிருந்தார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. நூல் கனம்கூட இல்லை. எது அறுத்தது என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை.

வகுப்பைப் பூட்டப் போனவன் நம்பிராஜன். போர்டில் ‘தப்புவது’ என்பதை யாரோ ஈரக்கையால் அழித்திருந்தார்கள். ‘மயிரிழையில்’ மட்டும் மிச்சம் இருந்தது.

அவள் கையைத் தூக்கினாள் என்று சொன்னேனே... அது எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

அன்றைக்கு முன்சீட்டில் நம்பிராஜனும் இருந்தான். ‘நிறுத்துங்க அத்தான்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவ்வளவு நாள் யாரிடமும் மூச்சும் விடவில்லை.

இன்று சாயங்காலம் இங்கே வரச்சொல்லி அவனுக்குப் போன் போட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னான். அழுதான்.

“காலைலதாம்லே மொட்ட போட்டேன். இப்ப இடுப்பு வரைக்கும் தொங்குது... ஈரமா இருக்குலே.”

பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னான்.

“அவ பின்னால உக்காந்து... சட பின்னுதா.”