எறும்புக் கடி

பேருந்தில் முன் இருக்கைப் பெண், மருந்துப் பையை மடியில் வைத்திருந்த தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“உங்க மாமாவுக்கு கேன்சர் வலி தெரியலடா. எறும்பு கடிச்சா மட்டும் கத்துறாரு.”

“அப்ப இந்த மார்ஃபின் மாத்திரை இன்னாத்துக்கு? பழகிடும்க்கா, நிறுத்திடு.”

“சுருக்குனு குத்துற வலிக்கு வேற நரம்பாம். ஓயாம நோவுற வலியத்தான் மாத்திரை நல்லா அடக்குமாம். டாக்டரம்மா சொன்னாங்க.”

“வலியில இன்னாக்கா ரெண்டு? குழப்பாத.”

“எனக்கும் புரியலடா.”

பேருந்து அடையாறு பாலத்தைத் தாண்டியது.

“முன்னல்லாம் வலியில எறும்பு கடிக்கிறதே அவருக்குத் தெரியாது. நேத்து கடிச்சதும், சக்கரைய ஏன் சிந்துனன்னு என்னைத் திட்டுறாரு.”

தம்பி பையை அக்காவிடம் நீட்டினான்.

“நேரத்துக்குக் குடுத்துடு.”