பிள்ளையை வைத்திருந்தவர்

மூணாறு பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது, கர்ப்பமான பத்தாம் வகுப்பு மாணவி செல்வியைப் பரீட்சை எழுத விடாமல் அனுப்பினேன். பள்ளியின் பெயர்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, நான் ஏறிய எஸ்டேட் ஜீப்பில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“உங்க மக பரீட்சை எழுதுனாளா மதினி?”

“கைப்பிள்ளையோட போயி எழுதுனா.”

“அவளக் கெடுத்த பய?”

“ஜெயில்ல கெடக்கான். இவ எதுக்கு வீட்டுக்குள்ள கெடக்கணும்?”

“அதுவும் சரிதான். பிள்ளைய யாரு வச்சிருந்தா?”

“எனக்கு லீவு கெடைக்கல. ஹெட்மாஸ்டர்தான் வச்சிருந்தாரு.”

“ஹெட்மாஸ்டரா!”

“ஆமாட்டி. தோள்ல போட்டுக்கிட்டு வராந்தாவுல நடந்தாராம். பேரன் அவரு சட்டையெல்லாம் நனைச்சுட்டானாம். ‘நீ போய் எழுதும்மா’ன்னாராம்.”

முகம் தெரியாத அந்த மனிதரை நினைத்துப் பிரமித்துப் போனேன். எனக்கும் அதே பதவிதான் இருந்தது.

மறுநாளே செல்வி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“பெரியவங்க எழுதுற பத்தாவதுக்குப் படிக்கேன் சார். மக வேலைக்குப் போயிருவா, அவ பிள்ளைய யாருட்ட விடுறதுன்னுதான் தெரியல.”

பரீட்சையன்று, அவள் எழுதி முடிக்கும்வரை அந்தப் பேரக்குழந்தை என் தோளில் தூங்கியது. வெளியே வந்த செல்வி அதை வாங்கிக்கொண்டாள்.

“நாளைக்குக் கணக்கு. நேரத்தோட வந்துருங்க சார்.”