கரடியாக்கப்பட்ட தோழி

“கூடத் திரிஞ்சவளையே கரடியாக்கிப்போட்டாவாம்.”

வோபர்ன் நிறுத்தத்தில் பஸ் ஏறி எனக்கு முன் இருக்கையில் அமர்ந்த பெண் இப்படிச் சொன்னாள். மடியில் பல்கலைக்கழகப் பாடப்புத்தகம் விரிந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய சிநேகிதி.

“ஆர்?”

“அர்ட்டெமிஸ். கிரேக்கக் கதையில வாற வேட்டைத் தெய்வம். கலியாணமே வேண்டாமெண்டு இருந்தவா. கூட வேட்டைக்குப் போற பெட்டையளும் அப்பிடியே இருக்கவேணும். அதில ஒருத்தி பிள்ளைத்தாச்சி.”

“எப்பிடிப் பிடிபட்டவள்?”

“எல்லாரும் குளிக்க ஆத்தில இறங்கினவை. அவள் மட்டும் உடுப்பைக் கழட்டாமல் நிண்டவள்.”

சிநேகிதி குரலைத் தாழ்த்தினாள். நான் ஜன்னலைப் பார்ப்பதுபோல் இருந்தேன்.

“நீ அம்மாட்டச் சொல்லிட்டியோ?”

“இல்லை. பயமாக் கிடக்கு.”

“அவவுக்கு எப்பிடித் தெரியும்? உங்கட வீட்டில ஆறே ஓடுது?”

“சாமியறை இருக்கெல்லோ. பின்னேரத்தில விளக்கு வைக்கிறது நான். பீரியட்ஸ் வந்தால் மட்டும் அம்மா வைப்பா. எனக்கு ரெண்டு மாசமா வரேல்லை. நானும் ஒரு நாள் விடாமல் வைச்சுக்கொண்டிருந்திட்டன்.”

“ஐயோ, பொய்க்கெண்டாலும் நாலு நாள் விட்டிருக்கலாமேயடி!”

“நினைவே வரேல்லை.”

“அவ கேட்டவாவோ?”

அவள் புத்தகத்தை மூடினாள்.

“ஒண்டும் கேக்கேல்லை. நேற்று நான் நெருப்புக்குச்சி தட்டேக்க பின்னால வந்து நிண்டவா. குச்சியை என்ர கையிலயிருந்து வாங்கி, தானே விளக்கைக் கொளுத்தினவா.”