பேஸ்ட் போதும் என்றுதான் சொன்னேன்

கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் கடை போடுகிறவன் முதலில் இரண்டு மின்விசிறி வாங்க வேண்டும், சேர். ஒன்று ஆட்களுக்கு, மற்றது இயந்திரங்களுக்கு. இங்கே கடல்காற்று இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். கடல்காற்றில் உப்பு இருக்கிறது. இதை எல்லாரிடமும் நின்று நிதானமாக விளக்குவேன். இந்தச் சாலிஹ் பொறுமையான ஆள் என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் மசூரைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு முன் பேஸ்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பியூட்டரில் சூடாகும் சில்லுக்கும், அந்தச் சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் தகட்டுக்கும் நடுவில் ஒரு பசை பூசுவோம். சாம்பல் நிறம், பற்பசை மாதிரி இருக்கும். அதுதான் பேஸ்ட். சிலர் அதற்குப் பதிலாக லிக்விட் மெட்டல் கேட்பார்கள். அது பாதரசம் போல உருளும் உலோகம். சூட்டை இன்னும் நன்றாக இழுக்கும், உண்மைதான். ஆனால் சிந்தினால் உள்ளே எல்லாம் கருகும். அலுமினியத்தில் பட்டால் அதை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

எங்கள் கடையில் பேஸ்ட் பூசுவது என் தங்கச்சி ஸம்றா. கடை எங்கள் வீட்டின் முன் ஹோலில் இருக்கிறது. வீட்டை வாப்பா அவளுக்கு எழுதினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான்; கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார், அண்ணன்மார், எங்கள் பேச்சில் காக்காமார், வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். நடந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

மசூர் நிந்தவூர் ஆள், வீட்டுப் பிளான் கீறுகிறவர். மடிக்கணினி சூடாகி நின்று நின்று போகிறது என்று கொண்டுவந்தார்.

"லிக்விட் மெட்டல் போட்டுத் தாங்களேன்," என்றார்.

"ஒங்கட மெஷினுக்கு அது சரிவராது. தகடு அலுமினியம்," என்றாள் ஸம்றா.

"வீடியோவுல எல்லாம் போடுறாங்களே."

"பிறகு என்ன நடந்த எண்டு அவங்க காட்டுறல்லயே."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். என் கடையில் அந்த விஷயத்துக்கு அதுவரை யாரும் சிரித்ததில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மெஷினைத் திருப்பிக் கொண்டுபோனார். அடுத்த கிழமை அதே கேள்வியோடு வந்தார். பிறகும் வந்தார். பேஸ்ட்டா லிக்விட் மெட்டலா என்று ஒரு மனிதன் நோன்பு தொடங்கிப் பெருநாள் வரை யோசித்தால், அவன் வேறு எதையோ யோசிக்கிறான் என்று அர்த்தம். பெருநாள் கழிந்ததும் அவருடைய உம்மா சம்பந்தம் பேச வந்தார்.

நான் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். மாப்பிள்ளை பேஸ்ட்டுக்குச் சம்மதிக்க வேண்டும். ஆபத்தான பொருளில் ஆசை வைத்தவரை நம்பி ஒரு பெண்ணை எப்படிக் கொடுப்பது? அது சீதனத்தில் சேர்ந்ததா என்று அவருடைய உம்மா கேட்டார். இல்லை என்றேன்.

மசூர் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன மச்சான், பேஸ்ட்டே போடுங்க," என்றார்.

அது எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை நாள் பிடித்துவைத்த கொள்கையை ஒரு பெண்ணுக்காக அந்த இடத்திலேயே விடுகிறவர் நாளைக்கு எதை விடமாட்டார்? அவருடைய உண்மையான விருப்பத்தை யாராவது மதிக்க வேண்டும் என்று பட்டது. ஆகவே மெஷினை நானே திறந்து லிக்விட் மெட்டலைப் பூசி, பேஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தேன். கொஞ்சம் தாராளமாகத்தான் பூசினேன்.

கிழமை முடிவதற்குள் மெஷின் செத்தது. கீறி முடிக்காத பிளான்களும் அதோடு போயின. கோபத்தோடு வருவார், கோபக்கார மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

"மெஷின்தானே மச்சான், உசிரா போன?" என்றார். "ஒங்கட கடைப் போர்டு பழசாப் போயிட்டு. நாளைக்கு வந்து மாத்தித் தாறன்."

இப்படிப்பட்ட ஆளோடு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

போர்டு மாற்ற ஏணி வேண்டும். எங்களிடம் இருந்தது அலுமினிய ஏணி. மெஷினுக்குப் பூசிய சிறிஞ்சில் லிக்விட் மெட்டல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மேல்படிகளில் மட்டும்தான் பூசினேன். ஸம்றா உயரத்துக்குப் பயந்தவள், கீழ்ப்படிகளைத் தாண்டமாட்டாள். அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது பாருங்கள்.

மசூர் விழுந்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். வழியெல்லாம் என் கையை விடவில்லை.

"மச்சான், போர்டு நேராவா நிக்கி?" என்று கேட்டார்.

சரிந்துதான் நின்றது. நேராக நிற்கிறது என்றேன். நோவில் கிடக்கிறவரிடம் உண்மை சொல்வது கொடுமை.

கலியாணத்தைத் தள்ளிப்போடலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

"கால்தானே காக்கா முறிஞ்ச. வாயால கபூல் சொல்ல ஏலும்தானே," என்றாள் ஸம்றா.

நிக்காஹ் கட்டிலிலேயே நடந்தது; படுத்தபடியே சம்மதம் சொன்னார். பிறகு மாப்பிள்ளை கட்டிலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள் அறை வாசலில் கட்டில் நுழையவில்லை. முன் ஹோலில் போட்டார்கள். என் மேசைகள் கோழிக்கூட்டுப் பக்கம் போயின.

உடைந்த ஏணியைப் பழைய சாமான் எடுக்கிறவருக்குக் கொடுக்க ஸம்றா தூக்கியிருக்கிறாள். மேல்படி அவள் கையில் புட்டு மாதிரி உதிர்ந்திருக்கிறது. விரலில் ஒட்டிய வெள்ளியைப் பார்த்தால் அவளுக்குத் தெரியாதா?

"காக்கா, இது ஏணிக்கு எப்படி வந்த?" என்று கேட்டாள்.

"பேஸ்ட் எண்டா இப்படி நடந்திரிக்காது," என்றேன்.

அவள் நேராகப் பொலிசுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஓம் சேர், மெஷினுக்குப் பூசியதும் நான், ஏணிக்குப் பூசியதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், ஒப்பம் வைக்கிறேன். மசூரோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடுத்த மாதம் எழுந்து நடக்கலாமென்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது மர ஊன்றுகோல். பாரம், கக்கத்தை அறுக்கும். பார்க்கப் பாவமாக இருந்தது. அக்கரைப்பற்றுவரை போய் அவருக்கென்று புதிதாக ஒரு சோடி வாங்கி வைத்திருக்கிறேன். அலுமினியம், தூக்கினால் பாரமே தெரியாது. என்னை ஒருதரம் வீட்டுக்கு விட்டால் என் கையாலேயே கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். கொடுக்க முன் கொஞ்சம் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.