கறுப்புக் கயிறு கட்டிய பிள்ளைகள்

லண்டன் மருத்துவப் பத்திரிகைக்காரர்களுக்குத் தாளின் ஓரத்தில் தாராளமாக இடம் விட்டால் மிகவும் பிடிக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவிலும் இன்னொரு வரி ஓடுகிற அளவுக்கு இடம் இருக்க வேண்டும். அட்டவணை ஒவ்வொன்றும் தனித்தாளில். படத்துக்கான விளக்கம் வேறொரு தனித்தாளில். மேற்கோள் காட்டிய கட்டுரைகளை அவர்கள் சொல்லும் வரிசையில் போடாவிட்டால் உறையைப் பிரித்ததோடு சரி. சம்பந்தி வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதற்குக்கூட இவ்வளவு சடங்கு கிடையாது. கிருஷ்ணகிரியில் தட்டச்சுப் பள்ளி வைத்திருக்கும் ராஜப்பன் ஐந்து பிரதி கார்பனில் அடித்துக் கொடுத்துவிட்டு, "சார், கடைசி காப்பிய உங்க கர்த்தரே எறங்கி வந்தாலும் படிக்க முடியாதுங்க" என்றார். அதைத்தான் நிலையத்துக் கோப்பில் வைத்தேன். நீங்கள் இப்போது கையில் வைத்திருப்பது அதுதான். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஐசக். இந்த உணவு ஆராய்ச்சி நிலையத்துக்கு நான்தான் டாக்டர். எனக்குக் கீழே நர்ஸ் கிருபாராணி, ஒரு சமையல்காரி, ஒரு ஜீப். ஜீப் பாதி நாள் காவேரிப்பட்டினத்து மெக்கானிக்கிடம் இருக்கும். கிருபாராணி எழுதிய புகாரைப் படித்துவிட்டுத்தான் உங்களைச் சென்னையிலிருந்து விசாரணைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரியும். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் பொய் எழுதுகிற பெண் இல்லை. எழுதிய தொனிதான் கொஞ்சம் அதிகம்.

நாங்கள் தயாரித்த சத்து மாவில் அதிசயம் எதுவும் கிடையாது. முளைகட்டிய கேழ்வரகு, வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, கொஞ்சம் வெல்லம். உருண்டை பிடித்து பஸ் ஸ்டாண்டில் விற்றால் தின்பண்டம். கிராம் கணக்கில் எழுதி, பக்கத்தில் புரதம் எவ்வளவு என்று போட்டால் ஆராய்ச்சி. அதற்கு நான் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்றரை வரி நீளம். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல எனக்கே இன்னும் வரவில்லை.

இரண்டு வருடமாக மழை ஏமாற்றியிருந்தது. குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தேன். கிணறுகள் வற்றி, கேழ்வரகுக் கூழே ஒரு வேளைக்குத்தான் என்று ஆகியிருந்த ஊர். எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல ஊர் அமையாது.

பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரித்தோம். ஒரு குழுவுக்குத் தினமும் மாவுக் கஞ்சி. இன்னொரு குழுவுக்கு ஒன்றும் கிடையாது, வீட்டில் என்ன உண்டோ அதுதான். இந்த இரண்டாவது குழு இல்லாவிட்டால், முதல் குழு தேறியதற்கு மாவு காரணமா மாரியம்மன் காரணமா என்று யாராலும் சொல்ல முடியாது. அடையாளத்துக்காக மாவுப் பிள்ளைகளின் இடுப்பில் சிவப்புக் கயிறும் மற்றவர்கள் இடுப்பில் கறுப்புக் கயிறும் கட்டினோம். கழுத்தில் அட்டை மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவார்கள். அரைஞாண் கயிற்றை எந்தத் தாயும் அவிழ்க்க மாட்டாள். அந்த யோசனை கிருபாராணியுடையது.

ஆறு மாதம் கஞ்சி ஊற்றி, எடை எடுத்து, கட்டுரை எழுதி, லண்டனுக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு எடை கூடியிருக்கின்றன, ஆகவே மாவினால் பயன் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று, கட்டுரையைச் சோதித்தவர் எழுதியிருந்தார். சோதித்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். பெயர் சொல்லாமல் திட்டுவதற்கு அங்கே மரியாதையான ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பத்திரிகை ஆசிரியர் மட்டும் கீழே இரண்டு வரி சேர்த்திருந்தார்: குழுக்கள் ஒன்றோடொன்று கலக்காமல் மறுபடி செய்து அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று.

அந்தக் கட்டுரை அச்சானால் எனக்கு லண்டனில் இரண்டு வருடம் படிக்க இடம் கிடைக்கும். ஆகாவிட்டால் அந்த ஜீப்போடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். இதை நான் மறைக்கவில்லை. ஆசைப்பட்டேன்.

மறுபடியும் ஆறு மாதத்துக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்து, எங்கே கலந்தது என்று நேரில் போய்ப் பார்த்தேன். ஊர்ச்சாவடியில் வைத்துக் கஞ்சி ஊற்றுவோம். ஒரு பிள்ளை சாப்பிடுவதை இன்னொரு பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் கண் பட்டு, சாப்பிட்ட பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பது அந்த ஊர்ப் பெண்களின் கணக்கு. அதனால் பார்க்கிற பிள்ளை வாயில் முதலில் ஒரு வாய் ஊட்டிவிட்டுத்தான் தன் பிள்ளைக்கு ஊட்டுகிறார்கள். சாவடியில் பார்க்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமா? கிண்ணம் காலியாகும்போது பாதிக் கஞ்சி கறுப்புக் கயிற்றுக்காரர்கள் வயிற்றில் இருந்தது. பாதிக் கிண்ணத்திலேயே அவர்களும் தேறிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் ஆறு மாத உழைப்பை என் கண் முன்னாலேயே கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூட அறைக்குள் கதவைச் சாத்திக் கொடுத்துப் பார்த்தேன். வாயில் போட்டதை முந்தானையில் துப்ப வைத்து வெளியே கொண்டுபோனார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளை வாசலில் நிற்கும்போது தன் பிள்ளைக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று என்னையே கேட்டார்கள். இவர்களிடம் அறிவியல் பேசிப் பயனில்லை என்று புரிந்துகொண்டேன்.

பிறகு ஒரு நாள் ஊரைக் கூட்டினேன். இது சாப்பாடு இல்லை, மருந்து என்றேன். சிவப்புக் கயிற்றுப் பிள்ளைகளுக்கென்று ரத்தம் பார்த்து அளந்த மருந்து. கறுப்புக் கயிறு கட்டிய பிள்ளை ஒரு வாய் தின்றாலும் ரத்தம் கெட்டுச் செத்துப்போகும் என்றேன். தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன், கன்னடத்திலும் சொன்னேன். ஒரு மொழியில் மட்டும் சொன்னால் மற்ற வீட்டுக்காரர்கள் நமக்கில்லை என்று எழுந்து போய்விடுவார்கள்.

பொய்தான். ஆனால் குழுக்களைப் பிரிக்க அதைவிட மலிவான கருவியை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. கட்டுரையில் 'தாய்மார்களுக்குத் தகுந்த அறிவுரை வழங்கப்பட்டது' என்று எழுதினேன். வழங்கப்பட்டது என்று எழுதிவிட்டால், யார் வழங்கினார், என்ன வழங்கினார் என்று யாரும் கேட்பதில்லை.

அன்றிலிருந்து கலப்பு நின்றது. தாய்மார்களே காவல் காத்தார்கள். கஞ்சியைக் கிண்ணத்தில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூட விட்டேன். கறுப்புக் கயிற்றுப் பிள்ளை சாவடிப் பக்கம் வந்தால் கல்லை எடுத்து விரட்டினார்கள், அது செத்துவிடக் கூடாதே என்ற பயத்தில். எடைக் கோடுகள் இரண்டும் ஒன்றை விட்டு ஒன்று விலக ஆரம்பித்தன. சிவப்பு மேலே, கறுப்பு கீழே. பெங்களூரில் இந்தியன் இங்க்கில் படம் வரைந்து கொடுத்தவர், "ஏன் சார், இவ்வளவு நல்லா வருமா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நீங்கள் சென்னம்மாவைப் பற்றிக் கேட்கப் போகிறீர்கள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் சென்றாயனுக்குச் சிவப்புக் கயிறு, மகள் ராஜாத்திக்குக் கறுப்புக் கயிறு. சீட்டு அப்படி விழுந்தது. மகன் கஞ்சி குடித்ததும் அவன் வாயையும் கையையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தங்கையின் பக்கத்தில் விடுவாள். அந்த அளவுக்கு ஒழுங்கு. இருபது வருடம் படித்தவர்களிடம்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

மாசி மாதத்தில் ராஜாத்திக்குக் கால் வீங்கியது. முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வந்தது. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. சென்னம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, இவளுக்கு அந்த மருந்துல ஒரு வாய் குடுக்கலாமுங்களா?" என்றாள். "அவன் குடிக்கிறத பாத்துக்கினே கெடக்குதுங்க. ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே? அவனுக்கு ஒத்துக்கினது இவளுக்கு மட்டும் ஒத்துக்காதுங்களா?"

நல்ல கேள்வி. லண்டன் சோதனைக்காரர்களுக்குக்கூடத் தோன்றாத கேள்வி. கிருபாராணி என் முகத்தைப் பார்த்தாள்.

"டாக்டர், இந்தக் கயித்த மட்டும் அவுத்துடலாம் டாக்டர்" என்று மெதுவாகச் சொன்னாள்.

"சிஸ்டர், ஒருத்திக்கு அவுத்தா எல்லாத்துக்கும் அவுக்கணும்" என்றேன். சித்திரை கடைசியில் கடைசி எடை. அதற்குள் ஒரு புள்ளியைக் கோட்டிலிருந்து எடுத்தால் மறுபடியும் அதே பதில்தான் லண்டனிலிருந்து வரும். சென்னம்மாவிடம், "ரத்தம் ஆளுக்காள் வேற வேறம்மா. குடுத்தா நீயே கொன்னதா ஆயிடும்" என்றேன். கூழை நன்றாகக் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். வீட்டில் கூழ் இல்லை என்றாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவள் கொடுக்கவில்லை. மகனுடைய கஞ்சிக் கிண்ணம் அதே குடிசையில் இருந்தது. கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ராஜாத்தி பங்குனியில் இறந்தாள்.

மறு வாரமே சென்னம்மா மகனைத் தூக்கிக்கொண்டு கஞ்சிக்கு வந்தாள். என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "இவனையாச்சும் காப்பாத்திக் குடுத்தீங்களே சாமி" என்றாள். கிருபாராணி எழுந்து வெளியே போய்விட்டாள். நான் சென்றாயனை எடை போட்டேன், நன்றாகக் கூடியிருந்தான்.

ராஜாத்தி மட்டும் இல்லை. கறுப்புக் கயிற்றில் மொத்தம் நான்கு பேர். கட்டுரையில் அவர்களை 'ஊரை விட்டுச் சென்றவர்கள்' என்ற தலைப்பில் சேர்த்தேன். இறந்தவர்கள் என்று எழுதினால், சாகும்வரை ஏன் கஞ்சி கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். அதற்கு விளக்கம் எழுத இரண்டு பக்கமாவது வேண்டும். அந்தப் பத்திரிகையில் பக்க வரம்பு உண்டு, மீறினால் வெட்டிவிடுவார்கள்.

ஆனாலும் லண்டனில் கட்டுரையைச் சோதித்த, பெயர் தெரியாத அந்த மனிதர் சாமர்த்தியசாலி. ஒரே குழுவிலிருந்து இத்தனை பேர் வெளியேறக் காரணம் என்ன என்று கேட்டுவிட்டார். மழை இல்லாததால் குடும்பங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டன என்று பதில் எழுதினேன். அவருக்கு அது நியாயமாகப் பட்டது. இந்தியாவைப் பற்றி அவர் படித்திருந்ததும் அதுவாகத்தான் இருக்கும். வறட்சிக் காலத்தில் இவ்வளவு துல்லியமாக ஆய்வு நடத்தியதற்குப் பாராட்டுகள் என்று ஒரு வரி சேர்த்திருந்தார். கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற கடிதத்தைப் படித்தபோது நான் அழுதுவிட்டேன். என் அப்பா இறந்தபோதுகூட அப்படி அழவில்லை.

அச்சான பிரதிகள் வந்ததும் முதல் பிரதியைக் கிருபாராணிக்குத்தான் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் அவளுக்கு நன்றி சொல்லியிருந்தேன். அவள் நின்றபடியே படித்தாள்.

"ராஜாத்தி எந்த ஊருக்குப் போனா, டாக்டர்?" என்று கேட்டாள்.

அவள் மனக்குறை எனக்குப் புரிந்தது. ஆறு மாதம் இரண்டு தடவை வெயிலில் அலைந்தவள். நன்றியுரையில் பொடி எழுத்தில் பெயர் வந்தால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும். அடுத்த கட்டுரையில் என் பெயருக்குப் பக்கத்திலேயே உன் பெயரைப் போடுகிறேன் என்று சொன்னேன். அவள் பிரதியை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றைக்கே ஊத்தங்கரை பஸ் ஏறி அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்துதான் புகார் வந்தது. எங்கள் துறையில் பாதிச் சண்டை இந்தப் பெயர் வரிசையால் வருவதுதான்.

காபி ஆறுகிறது, குடியுங்கள். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த மாவு பிள்ளைகளைப் பிழைக்க வைக்கும் என்று அப்போதே எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். பரிசோதனை முடியும்வரை எதுவும் தெரியாது என்றுதான் நாங்கள் சொல்ல வேண்டும். எழுதும்போது அப்படித்தான் எழுதினேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, தெரியும். ராஜாத்திக்குக் கால் வீங்கிய அதே மாதம் என் கடைக்குட்டி ஜான்பீட்டருக்குத் தட்டம்மை கண்டு, வயிற்றுப்போக்கில் துவண்டுபோனான். அன்று சாயங்காலமே நிலையத்திலிருந்து ஒரு டப்பா மாவை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் மனைவி சாராள் மூன்று வேளையும் காய்ச்சி ஊட்டினாள். பங்குனிக்குள் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டான். வெளியே ஜீப்பின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருப்பது அவன்தான். அவன் எடையையும் வாரம் தவறாமல் எடுத்தேன். சிவப்புக் கயிற்றுப் பிள்ளைகள் எல்லாரையும்விட அவன்தான் சீக்கிரம் தேறினான். அவனையும் சேர்த்திருந்தால் படத்தில் கோடு இன்னும் எடுப்பாக ஏறியிருக்கும். ஆனால் சீட்டுக் குலுக்கலில் வராத பிள்ளையைக் கணக்கில் சேர்ப்பது நேர்மை இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.